எலியின் பாதமும் நம் நரம்பு வலியும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் விடைகள்

நரம்பு சேதமடைந்த எலிகளுக்கு அக்குபங்சர் ஊசிகளின் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தியபோது அவற்றின் வலி குறைந்ததாகச் சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் நான்கு வரிக் குறிப்பு ஒன்றை எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்கள் வேறு எந்தக் குறிப்புக்கும் வந்ததில்லை. நரம்பு வலியோடு வாழ்பவர்களும், அவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர்களும், உயிரியல் படிக்கும் மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொடும் கடிதங்களைச் சேர்த்து இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: எலிக்கு வலிக்கிறது என்பதையே எப்படி அறிகிறார்கள்? அது வாய் திறந்து சொல்லாதே. நரம்பு வலியை எலிக்கு எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதையும் விளக்க வேண்டுகிறேன். (உயிரியல் மாணவி ஒருவர்)

பதில்: முதலில் நரம்பு வலி என்பது எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். விரலில் கத்தி பட்டால் வருவது நரம்பு வலி அன்று. அங்கே நரம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்து நம்மை எச்சரிக்கிறது. செய்தி கொண்டுவரும் நரம்பே நோயுற்றோ காயமுற்றோ போய், காரணமில்லாமல் எரிச்சலையும் குத்தலையும் மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் உணர்வையும் எழுப்புவதுதான் நரம்பு வலி. போர்வை உரசினாலே தாங்க முடியவில்லை என்று நோயாளிகள் சொல்வார்கள். தொடுதலே வலியாக மாறிவிடும் இந்த நிலையைத்தான் ஆய்வாளர்கள் எலியிடம் அளக்கிறார்கள்.

அந்த நிலையை உண்டாக்கப் பல முறைகள் உள்ளன. மிகுதியாகப் பயன்படுவது கேரி பென்னெட்டும் ஷியேயும் 1988இல் வெளியிட்ட முறை. எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, தொடையின் நடுப்பகுதியில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெருநரம்பான சயாட்டிக் நரம்பை வெளிப்படுத்தி, குடல்நார் இழையால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு தளர்ந்த முடிச்சுகள் போடுகிறார்கள். முடிச்சு நரம்பை இறுக்குவதில்லை. நரம்பே வீங்கி முடிச்சுக்குள் நெரிபடுகிறது. சில நாட்களில் அந்தக் காலின் பாதம் கூருணர்வு அடைந்து, அந்த நிலை இரண்டு மாதங்களுக்கு மேலும் நீடிக்கிறது. 1992இல் கிம், சுங் ஆகியோர் தண்டுவடத்திலிருந்து வெளிவரும் கீழ்முதுகு நரம்புகள் இரண்டை இறுகக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். இவை தவிர, கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் மருந்தால் நீரிழிவை உண்டாக்குவதும், பேக்லிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்துகளால் நரம்பைப் பாதிக்கச் செய்வதும் உண்டு.

அளக்கும் முறையை ஆய்வுக்கூடத்தில் சில காலம் நானே செய்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கம்பிவலைத் தரை கொண்ட சிறு கூண்டில் எலியை விட்டு, அது மோப்பம் பிடித்து, மூலைகளைச் சுற்றி, மீசையைத் துடைத்து, ஒருவழியாக அமைதியாகும் வரை அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பிறகு கீழேயிருந்து வலைக் கண்ணியின் வழியாக நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் நடுவில் மெல்ல ஊன்ற வேண்டும். ஒவ்வொரு இழையும் குறிப்பிட்ட விசையில் மட்டுமே வளையும். அந்த விசை கிராமில் குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கருத்தை முதலில் கொண்டுவந்தவர் ஜெர்மானிய உடலியலாளர் மாக்சிமிலியன் ஃபான் ஃப்ரே. அவர் பயன்படுத்தியது மயிரிழைகள். நலமாக உள்ள எலி 10 முதல் 15 கிராம் வரையான அழுத்தத்தையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. நரம்பு காயம்பட்ட எலியோ 2 அல்லது 3 கிராமுக்கே பாதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். சில சமயம் இழுத்த பாதத்தை உதறி, வாயருகே கொண்டுபோய் நக்கும். அந்த நக்கலைப் பார்த்தவர்களுக்கு எலிக்கு வலி உண்டா என்ற ஐயம் எழாது. ஆனாலும் கட்டுரையில் பதிவாகும் எண் என்பது பாதம் இழுபட்ட விசை மட்டுமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விடைகளுக்கெல்லாம் இது தேவைப்படும்.

கேள்வி: வெறும் ஊசி குத்துவதற்கும் அதில் மின்சாரம் பாய்ச்சுவதற்கும் என்ன வேறுபாடு? உடலுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? (மூன்று வாசகர்கள்)

பதில்: கையால் ஊசியைச் சுழற்றும்போது எவ்வளவு தூண்டினோம் என்பது செய்பவரின் விரல்களைப் பொறுத்தது. மின்சாரம் பயன்படுத்தினால் அதை எண்ணால் சொல்லலாம். ஆய்வாளர்கள் இதை விரும்புவதற்கு முதற்காரணம் அதுவே. எலியின் பின்னங்காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத் தசையில் ஓர் ஊசி. சீன மரபில் ட்ஸுசான்லி எனப்படும் வயிற்றுத் தடத்தின் 36ஆம் புள்ளிக்கு இது இணையானது. அதற்கு அருகிலோ கணுக்காலுக்கு மேலோ இன்னோர் ஊசி. இரண்டுக்கும் இடையே 1 முதல் 3 மில்லி ஆம்பியர் அளவில், விநாடிக்கு 2 துடிப்பு முதல் 100 துடிப்பு வரை, 20 அல்லது 30 நிமிடங்களுக்கு மின்சாரம் செலுத்தப்படுகிறது. 2 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு இரண்டு துடிப்பில், வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் காலின் தசை துள்ளுவதைக் கண்ணால் காணலாம்.

என்ன நடக்கிறது என்ற ஆய்வின் கதை நீளமானது. அதன் பெரும்பகுதி பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஹான் ஜிஷெங்கோடு பிணைந்தது. அவர் 1965இல் இந்த ஆய்வைத் தொடங்கினார். ஊசி குத்தப்பட்ட முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசியே படாத வேறொரு முயலின் மூளை அறைக்குள் அவர் குழுவினர் செலுத்தியபோது, அந்த இரண்டாவது முயலும் வலியைக் கூடுதலாகத் தாங்கியது. ஏதோ ஒரு வேதிப்பொருள் உடலுக்குள் சுரக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது. அது எந்தப் பொருள் என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை. 1975இல் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றியின் மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். உடல் தனக்குத்தானே மார்ஃபின் போன்ற பொருளைச் செய்துகொள்கிறது என்று தெரியவந்தது. மறு ஆண்டே டொரான்டோவில் புரூஸ் பாமரன்ஸ், மார்ஃபினின் செயலை முறிக்கும் நாலாக்சோன் மருந்தைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினால் மின் அக்குபங்சரின் வலிநீக்கமும் மறைந்துவிடுவதைக் காட்டினார்.

இதன் பிறகு ஹானின் குழு கண்டதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. எந்தப் பொருள் சுரக்கிறது என்பது துடிப்பின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுகிறது. 2 ஹெர்ட்ஸ் துடிப்பு என்கெஃபலினையும் எண்டார்ஃபினையும் வெளிவிடச் செய்கிறது. 100 ஹெர்ட்ஸ் துடிப்பு டைனார்ஃபின் என்ற வேறொரு பொருளை. இரண்டையும் மூன்று மூன்று விநாடிகளாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டு வகையும் சேர்ந்து சுரக்கின்றன. வானொலியில் அலைவரிசையைத் திருப்புவதைப் போல நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு சுரப்புகளை வெளியிலிருந்து தேர்ந்தெடுக்க முடிகிறது என்பது சாதாரணச் செய்தி அன்று.

நலமான எலியின் வாலில் சூடு காட்டும் சோதனையில் இரண்டு அதிர்வெண்களும் பயன் தருகின்றன. நரம்பு காயம்பட்ட எலியிடம் நிலைமை வேறு. அங்கே 2 ஹெர்ட்ஸே பெரும்பாலும் முந்துகிறது. இதற்கு ஒரு விளக்கமும் உண்டு. நரம்பு சேதமடைந்த பிறகு தண்டுவடத்தின் பின்கொம்பில், அதாவது உடலிலிருந்து வரும் செய்திகள் முதலில் கைமாறும் இடத்தில், நரம்பு இணைப்புகள் மிகையாக வலுவடைந்துவிடுகின்றன. மெல்லிய செய்தியும் அங்கே கூச்சலாக மாறுகிறது. கீழ்முதுகு நரம்பு கட்டப்பட்ட எலிகளில் 2 ஹெர்ட்ஸ் தூண்டல் அந்த இணைப்புகளை நெடுநேரம் தணித்ததையும், 100 ஹெர்ட்ஸ் அதற்கு நேர்மாறாக வலுப்படுத்தியதையும் பீக்கிங் குழுவினர் 2007இல் எழுதினார்கள். ஆகவே கூடுதல் வேகம் கூடுதல் நன்மை என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஓபியாய்டுகள் எனப்படும், மார்ஃபின் போன்ற இந்தப் பொருள்கள் மட்டுமே இதில் பங்கு வகிக்கவில்லை. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகள் நோரட்ரினலினையும் செரட்டோனினையும் பயன்படுத்துகின்றன. தண்டுவடத்தில் யோஹிம்பின் என்ற மருந்தைச் செலுத்தி, நோரட்ரினலின் வந்து ஒட்டும் ஆல்ஃபா 2 ஏற்பிகளை அடைத்துவிட்டால், நரம்பு காயம்பட்ட எலிகளில் குளிர் பட்டால் எழும் வலிக்கு மின் அக்குபங்சர் தரும் நிவாரணம் போய்விடுகிறது. நரம்பு வலிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் டுலாக்செட்டின் மாத்திரையும் இதே இரு பொருள்களைக் கூட்டித்தான் வேலை செய்கிறது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

ஊசி குத்திய இடத்திலேயே நடப்பதும் ஒன்று உண்டு. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கென் நெடர்கார்டின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலியின் காலில் ஊசியை இட்டு அவ்வப்போது சுழற்றியபோது திசுவில் அடினோசின் என்ற பொருள் 24 மடங்கு வரை உயர்ந்தது. அடினோசினின் ஏ1 ஏற்பி இல்லாதபடி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஊசியால் எந்தப் பயனும் இல்லை. ஊசியை இட்டுவிட்டுச் சுழற்றாமல் வைத்தாலும் பயன் இல்லை. அந்த ஆய்வில் மின்சாரம் பயன்படுத்தப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊடகங்களில் இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

கேள்வி: எலிக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று எதுவும் கிடையாது. அதற்கே வலி குறைகிறது என்றால், அக்குபங்சர் வெறும் மருந்துப்போலி விளைவு என்று சொல்பவர்களின் வாய் அடைபட்டுவிட்டது அல்லவா? (அக்குபங்சர் பயிற்சியாளர் ஒருவர்)

பதில்: உங்கள் வாதத்தில் பாதி உண்மை, அந்தப் பாதி வலுவானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தன் காலில் ட்ஸுசான்லி என்றொரு புள்ளி இருப்பது எலிக்குத் தெரியாது. நாலாக்சோன் கொடுத்தால் விளைவு மறைகிறது, ஏற்பியை நீக்கினால் மறைகிறது, ஊசிப் புள்ளியின் ஆழத்தில் தசையை மரக்கச் செய்யும் மருந்தைச் செலுத்தினாலும் மறைகிறது என்றால், நரம்பு வழியாகச் செல்லும் ஓர் உடலியல் நிகழ்வு அங்கே இருக்கத்தான் செய்கிறது. இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மற்றப் பாதியில்தான் சிக்கல். எலிக்கு எதிர்பார்ப்பு இல்லை. இழையைக் கையில் பிடித்திருப்பவருக்கு உண்டு. எந்த எலிக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தால், பாதம் லேசாக அசைந்ததை ஒரு கூண்டில் ‘இழுத்தது’ என்றும் அடுத்த கூண்டில் ‘இடம் மாறி நின்றது’ என்றும் எழுதிவிடக் கூடும். ஏமாற்றும் எண்ணம் சிறிதும் வேண்டியதில்லை. கண் தான் காண விரும்புவதைக் காணும். எந்தக் கூண்டு எந்தக் குழு என்பதை அளப்பவரிடமிருந்து மறைத்தார்களா, எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா என்பவற்றை எழுதாமல் விட்ட கட்டுரைகள் இத்துறையில் ஏராளம். நான் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் முடிவுரைக்குப் போவதற்கு முன் இந்த இரண்டையும் தேடுகிறேன். இல்லையென்றால் அதன் எண்களைப் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

அடுத்தது அச்சம். மயக்க மருந்து இல்லாமல் மின் அக்குபங்சர் செய்ய, எலியைக் குழாய் போன்ற ஒன்றில் அரைமணி நேரம் அடைக்க வேண்டியிருக்கிறது. அடைபட்ட எலி மிரளும். மிரட்சியே உடலின் ஓபியாய்டுகளைச் சுரக்கச் செய்து வலியைக் குறைக்கும். அந்த வலிக்குறைவையும் நாலாக்சோன் முறிக்கும். ஆண் ஆய்வாளரின் உடல் வாடையே எலிகளையும் சுண்டெலிகளையும் மிரளச் செய்து அவற்றின் வலி வெளிப்பாட்டைக் குறைக்கிறது என்றும், ஆண்கள் அணிந்த சட்டையை அருகில் வைத்தாலே போதும் என்றும் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் 2014இல் காட்டினார்கள். சட்டைக்கே இவ்வளவு என்றால், குழாயில் அடைப்பதற்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே அதே குழாயில் அதே நேரம் அடைத்து, அதே இடத்தில் ஊசியை இட்டு, மின்சாரத்தை மட்டும் செலுத்தாத ஒரு குழு கட்டாயம் இருக்க வேண்டும். கூண்டில் சும்மா விட்ட எலிகளோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு எதையும் நிறுவாது.

இன்னொன்று புள்ளியைப் பற்றியது. உடலின் ஓரிடத்தில் வலுவான தூண்டல் கொடுத்தால் வேறோர் இடத்து வலி மட்டுப்படும் என்பதை 1979இல் லெ பார்ஸ் முதலியோர் எலியின் தண்டுவட நரம்புச் செல்களில் நேரடியாகப் பதிவுசெய்து காட்டினார்கள். அங்கே அக்குபங்சர் புள்ளி எதுவும் தேவைப்படவில்லை. ஆகவே நாலாக்சோன் சோதனை ‘உடல் வலிநிவாரணி சுரந்தது’ என்பதற்குச் சான்று. ‘இந்தப் புள்ளியால்தான் சுரந்தது’ என்பதற்குச் சான்று அன்று. அதைக் காட்ட வேறு புள்ளிகளையும், புள்ளி அல்லாத இடங்களையும் ஒரே வலிமையில் தூண்டி ஒப்பிட வேண்டும்.

இதே கடிதத்தில், எல்லா எலிகளுக்கும் பயன் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நன்றாகப் பயன்பெறும் எலிகளும் அறவே பயன்பெறாத எலிகளும் ஒரே இனத்திலேயே உண்டு. கோலிசிஸ்டோகைனின் என்ற பொருள் மூளையிலும் தண்டுவடத்திலும் ஓபியாய்டுகளின் செயலை எதிர்க்கிறது. அது மிகுதியாக வெளிப்படும் எலிகளிடம் பயன் குறைவு என்று ஹானின் குழு கண்டது. பல மணி நேரம் தொடர்ந்து தூண்டினால் நல்ல பயன் பெற்ற எலியிடமும் விளைவு தேய்ந்துபோகிறது. மார்ஃபினுக்கு உடல் பழகிப்போவதைப் போன்றதே இது.

பெரும்பாலான சோதனைகள் ஆண் எலிகளிலேயே செய்யப்பட்டவை என்பதும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தண்டுவடத்தில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் கிளர்ந்தெழுவதை மின் அக்குபங்சர் தணிக்கிறது என்று பல ஆய்வுகள் விளக்கம் தருகின்றன. ஆனால் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, நரம்பு வலிக்கு அந்தச் செல்கள் தேவைப்படுவது ஆண் சுண்டெலிகளில்தான், பெண் சுண்டெலிகள் வேறு நோயெதிர்ப்புச் செல்களின் வழியே அதே வலியை அடைகின்றன என்று காட்டியது. நரம்பு வலி மனிதர்களில் பெண்களையே சற்றுக் கூடுதலாகத் தாக்குகிறது என்ற நிலையில், ஆண் எலியிடம் கண்ட விளக்கத்தை எல்லாருக்கும் பொருத்துவது அவசரம்.

கேள்வி: தோலின் மேல் பட்டை ஒட்டி மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் கருவி என்னிடம் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? (வாசகர்)

பதில்: உறவினர்கள் என்று சொல்லலாம். டென்ஸ் தோலின் மேலிருந்து தூண்டுகிறது. மின் அக்குபங்சரில் ஊசி தசைக்குள் இருப்பதால் ஆழ்ந்த நரம்பிழைகளை எட்டுவது எளிது. அதிர்வெண்ணுக்கேற்ப ஓபியாய்டுகள் மாறும் விளைவு தோலின் மேல் மின்முனை வைத்தாலும் கிடைக்கிறது என்று ஹானின் குழுவே காட்டியிருக்கிறது. தொடுதலைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால் வலிச் செய்திக்குத் தண்டுவடத்தில் கதவு சாத்தப்படுகிறது என்று மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்த கோட்பாடு இரண்டுக்கும் பொது. உணர்வற்றுப்போன தோலில் பட்டையை ஒட்டாதீர்கள். சூடு ஏறுவது உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: நம் வலி தீர வேண்டும் என்பதற்காக வாயில்லாப் பிராணியின் நரம்பைக் கட்டி வலியை உண்டாக்குவது எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் இதை எப்படி ஏற்கிறீர்கள்? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். மனம் ஒப்பவில்லை என்பது சரியான உணர்வு. அது மரத்துப்போனவர்கள் இந்த ஆய்வைச் செய்யக் கூடாது என்றே நினைக்கிறேன். விலங்கைத் தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது என்ற மூன்று நெறிகளை ரசலும் பர்ச்சும் 1959இல் வகுத்தார்கள். வலி ஆய்வுக்கென்று தனியாகப் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கத்தின் நெறிமுறைகள் 1983இல் வெளிவந்தன. விலங்குக்குக் கொடுக்கப்போகும் தூண்டலை, இயன்றால் ஆய்வாளர் முதலில் தன் உடலில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவற்றில் ஒரு விதி இருக்கிறது. நான் அந்த நைலான் இழைகளை என் புறங்கையில் ஒவ்வொன்றாக ஊன்றிப் பார்த்தேன். 2 கிராம் இழை பட்டது தெரிந்தது, ஆனால் சிறிதும் வலிக்கவில்லை. அந்தத் தொடுகைக்கே ஓர் உயிர் பாதத்தை உதறி இழுக்கிறது என்பதை உணர்ந்த நாளில், என் நோயாளிகள் போர்வையைப் பற்றிச் சொன்னது எனக்கு வேறு விதமாகக் கேட்டது.

என் ஏற்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒழுங்காகத் திட்டமிடாத, அளப்பவருக்குக் குழுவை மறைக்காத, ஒப்பீட்டுக் குழுவே சரியில்லாத ஒரு சோதனையால் எவருக்கும் எதுவும் தெரியவராது. ஆனால் எலிக்கு வலித்தது வலித்ததுதான். விலங்காய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2010இல் வெளியாகி 2020இல் திருத்தப்பட்ட அரைவ் வழிகாட்டியை இதழ்கள் ஏட்டளவில் வைத்துக்கொள்ளாமல் கண்டிப்போடு நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: எனக்கு நீரிழிவு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இரவில் இரு பாதங்களும் நெருப்பாக எரிகின்றன. பிரீகாபலின் சாப்பிடுகிறேன், பகலெல்லாம் தூக்கம் தள்ளுகிறது. எலிகளுக்குக் குணமாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மின் அக்குபங்சருக்குப் போகலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: அம்மா, என் குறிப்பில் ‘வலி குறைந்தது’ என்றுதான் எழுதியிருந்தேன், ‘குணமாகிறது’ என்ற பொருள் தொனிக்கும்படி அது அமைந்திருந்தால் பிழை என்னுடையது. எலிக்கு நிகழ்ந்தது, பாதத்தை இழுக்கும் விசை 2 கிராமிலிருந்து மேலே ஏறியது. ஒருமுறை செய்தால் அந்தப் பயன் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. நாள்விட்டு நாள் தொடர்ந்தால் சற்று நிலைக்கிறது. உங்கள் இரவு எரிச்சலையும், அதனால் கெடும் தூக்கத்தையும், விடிந்ததும் வரும் சோர்வையும் அந்த இழை அளக்கவில்லை. அதோடு நீரிழிவு எலி என்பது ஒரே ஊசி மருந்தால் சில நாட்களில் சர்க்கரை ஏற்றப்பட்ட இளம் விலங்கு. உங்கள் நரம்புகளோ பதினெட்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகத் தேய்ந்தவை.

எலியிடம் நன்றாக வேலை செய்து மனிதரிடம் கைவிட்ட சிகிச்சைகள் இத்துறையில் உண்டு. வலிச் செய்தியைக் கடத்தும் ‘பொருள் பி’யின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் விலங்குகளில் வலியைக் குறைத்தன, மனிதர்களுக்கு வலிநிவாரணியாக அவை பயன்படவே இல்லை. அவற்றில் ஒன்று இன்று புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்தியைத் தடுக்கப் பயன்படுகிறது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். நரம்பு வலிக்கு அக்குபங்சர் பற்றி 2017இல் வெளியான, ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, சேர்க்கத் தக்க ஆய்வுகளாக ஆறையே கண்டது. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 462 பேர். சான்றின் தரம் மிகக் குறைவு, பயன் உண்டென்றோ இல்லையென்றோ சொல்லப் போதவில்லை என்பது அதன் முடிவு. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு கருதத்தக்கது. மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் நோயுள்ளவர்களுக்கு மெய்யான மின் அக்குபங்சரும் போலி அக்குபங்சரும் கொடுத்து ஒப்பிட்டார்கள். நோயாளிகள் சொன்ன தொல்லை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆனால் நரம்பில் செய்தி செல்லும் வேகமும், விரல்களுக்கான மூளைப் பகுதியின் அமைப்பும் மெய்யான சிகிச்சையில்தான் கூடுதலாகச் சீரடைந்தன. மூளையில் அந்தச் சீர்மை மிகுந்தவர்களுக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகும் நலம் நிலைத்தது. நரம்பில் ஏதோ மாறுகிறது என்ற எலி ஆய்வின் செய்தி மனிதரிடமும் முற்றிலும் பொய்யாகவில்லை என்று இதை நான் படிக்கிறேன். உங்கள் பாதத்துக்கு இது வாக்குறுதி ஆகாது.

ஆகவே, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரீகாபலினைச் சட்டென்று விட்டால் தூக்கமின்மை, குமட்டல், தலைவலி, பதற்றம் வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பும் வரலாம். குறைப்பதானால் குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாக, எழுதித் தந்த மருத்துவரின் சொற்படி குறைக்க வேண்டும். பகல் தூக்கத்தைப் பற்றி அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்; அளவையோ வேளையையோ மாற்றலாம், டுலாக்செட்டின் போன்ற வேறு மருந்துக்கும் மாற்றலாம். நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவராக இருந்தால் வைட்டமின் பி12 அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைபாடும் பாதங்களில் இதே எரிச்சலைத் தரும். அது சரிசெய்யக் கூடியது.

மருந்தோடு சேர்த்து மின் அக்குபங்சரை முயன்று பார்க்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். இதயத்தில் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ பொருத்தியிருந்தால் மின்சாரம் வேண்டவே வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி ஒவ்வொன்றும் உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியாக இருக்க வேண்டும். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, இரவு வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வாருங்கள். எட்டு அல்லது பத்து அமர்வுகளுக்குப் பிறகு அதைத் திருப்பிப் பார்த்தால், தொடர்வதா விடுவதா என்பதை நீங்களும் உங்கள் மருத்துவரும் முடிவு செய்துவிடலாம். சிகிச்சைக்குப் போய்வந்த ஒவ்வோர் இரவும் வெளிச்சத்தில் இரு பாதங்களையும் கால்களையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஊசி இட்ட இடத்தில் சிவப்போ வீக்கமோ கசிவோ தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.